எட்டாம் நாள் பிரித்த முட்டு

தல்லாகுளம், மதுரை
14.7.1981

என் ராமுவுக்கு,

நீ கடைசியாக எழுதி மூன்று மாதமாகிறது. சிமெண்டும் கம்பியும்தான் உனக்குச் சொந்தம், எங்களையெல்லாம் மறந்துவிட்டாய் என்று சண்டை போடத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதனால் சண்டையை ஒத்திவைத்திருக்கிறேன்.

இந்த வருஷம் முதுகலை இரண்டாம் ஆண்டுக்குத் திட்ட மேலாண்மை என்று புதிதாக ஒரு பேப்பர் வந்திருக்கிறது. துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க கணக்குப் படிச்சவங்கதானே, எடுங்க" என்று சொல்லிவிட்டார். புத்தகம் இரண்டு கொடுத்தார். இரண்டும் வெளிநாட்டுப் புத்தகம். ஒன்றில் நீர்மூழ்கிக் கப்பல் கட்டுகிறார்கள், இன்னொன்றில் பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய் பதிக்கிறார்கள். வட்டம் போட்டு அம்பு போட்டுக் கூட்டிக் கழிப்பது எனக்குச் சுலபம். ஆனால் வகுப்பில் இருபத்திரண்டு பேர் கொட்டாவி விடுகிறார்கள், ராமு.

போன வாரம் வீரணன் என்று ஒரு பையன் எழுந்து, "மேடம், நீங்க எப்பவாச்சும் ஒரு கட்டடம் கட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

நீதான் எனக்குச் சொல்லித்தர வேண்டும். பி.யு.சி.யில் நான் உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன் அல்லவா, அதற்குப் பதில் என்று வைத்துக்கொள். சைட்டில் வேலை எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது, நீ செய்ததிலேயே பெரிய தப்பு எது, எல்லாம் எழுது. பிள்ளைகளுக்கு உயிருள்ளதாக ஏதாவது கொடுக்க வேண்டும்.

உன் தோழி,
அன்னக்கொடி


கட்டுமான முகாம், ராய்ப்பூர் வழி
9.8.1981

அன்னம்,

உன் கடிதம் பதினோரு நாள் பயணம் செய்து வந்தது. இங்கே விடாத மழை. நான் எழுதுகிற மேஜைக்கு அடியில் ஒரு தவளை குடியிருக்கிறது. விரட்டினால் மறுபடி வந்துவிடுகிறது, நீ பி.யு.சி.யில் என் பெஞ்சில் வந்து உட்கார்ந்த மாதிரி.

பாடத்துக்கு வருகிறேன். நீர்மூழ்கிக் கப்பலைத் தூக்கிப் போடு. உன் பிள்ளைகளை ஒரு காதுகுத்து விருந்துக்குத் திட்டம் போடச் சொல். எழுநூறு பேர் சாப்பாடு. பத்திரிகை அடிக்க வேண்டும், ஆடு பிடிக்க வேண்டும், பந்தல், தண்ணி லாரி, சமையல்காரர், மாமன் சீர். எது முடிந்தால் எதைத் தொடங்கலாம் என்று அம்பு போடட்டும். எந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் விருந்தே ஒரு நாள் தள்ளிப்போகுமோ, அதையெல்லாம் சிவப்பு மையில் வரையட்டும். புத்தகத்தில் கிரிட்டிகல் பாத் என்கிறார்களே, அது இதுதான். வரைந்து முடித்துப் பெருமையாக உட்கார்ந்திருக்கும்போது நீ போய், "சமையல்காரர் வீட்டுல துட்டி, எழவு வீட்ட விட்டுட்டு வரமாட்டாராம்" என்று சொல். அங்கேதான் பாடம் ஆரம்பிக்கிறது.

நாள் கணக்கை அவர்கள் தங்கள் தலையிலிருந்து எடுக்க விடாதே. கட்டட வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கொத்தனாரைப் போய்க் கேட்கட்டும். அவர் அந்தப் பக்கம் போனதும் சித்தாளையும் கேட்கட்டும். இரண்டு பேரும் ஒரே கணக்கைச் சொன்னால் நம்பலாம்.

தப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். வேறு யாராவது கேட்டிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதற்கு முந்தின சைட்டில், தொழிலாளர்களுக்குக் கான்டீன் கட்டினோம். கூரைக்குக் கான்கிரீட் போட்டால் அடியில் கொடுத்த முட்டுகளைப் பதினாலு நாளாவது வைத்திருக்க வேண்டும், அந்த அகலத்துக்கு. அதற்கு முன்னால் பிரித்தால் கூரை தன் பாரத்தைத் தானே தாங்காது. எங்கள் சார்ட்டில் கான்டீன் சிவப்பு மையில் இருந்தது. டெல்லியிலிருந்து பார்வையிட வருகிறவர்களுக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பெரிய இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, ஒரு வாரம் மிச்சம் பிடித்துக் கொடுத்தால் அடுத்த பிரமோஷனில் முதல் பெயர் என்னுடையது என்றார். நூற்றெண்பது ஆம்பளைகளுக்கு நடுவில் நான் ஒருத்தி. எட்டாம் நாள் முட்டுகளைப் பிரிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். மேஸ்திரி, "வேணாம்மா, கூரை இன்னும் பச்சையா இருக்கு" என்று இரண்டு தரம் சொன்னார். நான் அவரிடம் சார்ட்டைக் காட்டினேன்.

பிரிக்கப் போனவர் பெயர் சின்னான். மேலூர்ப் பக்கம். நம்ம ஊர்ப் பேச்சுப் பேசுகிற மனுஷன் என்பதால் காலையில் அவரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். மூன்றாவது முட்டைத் தட்டி எடுத்ததும் கூரையில் ஒரு பாதி அவர் மேல் இறங்கிவிட்டது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாரணையில் மழைதான் காரணம் என்று எழுதினார்கள். நான் வாய் திறக்கவில்லை. பிரமோஷன் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, அன்னம்.

ராமு


தல்லாகுளம்
2.11.1981

அன்பு ராமுவுக்கு,

தீபாவளிக்கு வில்லாபுரம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். அதிரசம் கொடுத்தார்கள். இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, உன்னிடம் சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினார்கள். நான் சத்தியத்தை மீறிவிட்டேன்.

உன் காதுகுத்து விருந்து பெரிய வெற்றி. சமையல்காரர் வரமாட்டார் என்று சொன்னதும் வகுப்பில் அடிதடியே நடந்தது! ஒரு குழு சமையல்காரரைப் பக்கத்து ஊரிலிருந்து கூட்டிவருகிறது, ஒரு குழு விருந்தையே தள்ளிவைக்கிறது, மாமன் சண்டைக்கு வருகிறார். இப்போது பொருளாதாரத் துறைப் பிள்ளைகளும் வந்து பின்னால் நிற்கிறார்கள். துறைத்தலைவர், "என்னம்மா, கேன்டீன விட உங்க கிளாஸ்ல கூட்டமா இருக்கு" என்கிறார். எல்லாம் உன்னால்தான்.

சின்னான் விஷயத்தைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ உன்னையே நொந்துகொள்ளாதே. கிழித்தாயா என்று மட்டும் கேட்காதே, உன் கையெழுத்தைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இன்னும் எழுது. எம்புட்டு எழுதினாலும் எனக்குப் போதாது.

உன்
அன்னம்


வில்லாபுரம், மதுரை
18.2.1984

அன்னக்கொடிக்கு,

நான் மதுரையில்தான் இருக்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ஒரு மாத லீவில் வந்தேன். உன் வீட்டுக்கு நாலு மைல்தான். ஆனால் நேரில் வந்தால் என்னால் பேச முடியாது, அதனால் தபாலில் போடுகிறேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உன் கல்லூரிக்கு வந்தேன். சொல்லாமல் வந்து உன்னைத் திகைக்க வைக்கலாமென்று ஆசை. ராய்ப்பூரிலிருந்து உனக்கொரு கைத்தறிச் சேலை வாங்கி வந்திருந்தேன். பியூன், "மேடம் கிளாஸ்ல இருக்காங்க, இப்ப முடிஞ்சிரும்" என்று சொல்லி வராந்தாவில் உட்காரச் சொன்னார். ஜன்னல் திறந்திருந்தது. உன் குரல் கேட்டதும் எனக்கு அம்புட்டுச் சந்தோஷம். ஜன்னலோரம் தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

நீ என் கான்டீனைக் கட்டிக்கொண்டிருந்தாய்.

"நான் வடக்கே ஒரு சைட்டில் இருந்தப்ப" என்றாய். நான் பார்த்த மழை, மேஸ்திரி சொன்ன வார்த்தை, சார்ட்டில் இருந்த சிவப்பு மை, எல்லாம் சொன்னாய். நன்றாகத்தான் சொன்னாய். நான்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். அதுவரைக்கும் பொறுத்துக்கொண்டேன், பிள்ளைகளுக்குப் புரிவதற்காகத் தன் மேல் போட்டுச் சொல்கிறாள் போல என்று. பிறகு, "நான் பதினாலு நாள் வேணும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். அங்க ஒரு பொண்ணு இருந்தா, பெரியவங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும்னு எட்டாம் நாளே கையெழுத்துப் போட்டுட்டா" என்றாய்.

அந்தப் பொண்ணு நான், அன்னக்கொடி.

ஒரு பையன் எழுந்து, "கோட்டாவுல சீட்டு வாங்கிட்டு வந்த பொண்ணா இருக்கும் மேடம்" என்றான். வகுப்பே சிரித்தது. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நீயும் சிரித்துவிட்டு, "சரி சரி, நோட்டை எடுங்க" என்றாய்.

உசிலம்பட்டிக்கு உங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது உன் அம்மா எனக்குத் தனியாக ஓர் அலுமினியத் தம்ளரில் காப்பி கொடுத்தார்கள். நீ பேசாமல் உன் சில்வர்த் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, என்னுடையதை வாங்கிக் குடித்தாய். உன் அம்மா முகம் மாறியதை இரண்டு பேரும் பார்த்தோம். பதினைந்து வருஷமாக யார் என்ன சொன்னாலும், அப்படி ஒருத்தி எனக்கு இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அதனால்தான் யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதினேன்.

சேலையைப் பியூனிடம் கொடுக்கவில்லை. திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ராமக்காள்


தல்லாகுளம்
21.2.1984

ராமு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்துவிட்டேன். முடிக்கவில்லை, பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு மீதியைப் படித்தேன்.

எப்படி நடந்தது என்று உன்னிடம் சொல்லிவிட வேண்டும். வீரணன் கேட்டானே, கட்டடம் கட்டியிருக்கிறீர்களா என்று. சமாளித்தேன் என்று உனக்கு எழுதினேன். நான் அவனிடம், "ரெண்டு வருஷம் சைட்டில் இருந்தேன்" என்று சொல்லியிருந்தேன். ஒரு வார்த்தை. அவன் உட்கார்ந்துவிட்டான், வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதற்கப்புறம் அந்த இரண்டு வருஷத்தை நிரப்ப வேண்டியிருந்தது. உன் கடிதங்கள் வந்தன.

முதல் வருஷம் கான்டீன் கதையை நான் செய்த தப்பாகத்தான் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அடுத்த வருஷம் நான் தடுத்தவளாகிவிட்டேன். உன் தப்பை எடுத்துக்கொண்டேன், அதில் வலிக்கிற பாகத்தை மட்டும் உன்னிடமே திருப்பி வைத்துவிட்டேன்.

அந்தப் பையன் சொன்னதற்கு நான் சிரித்தது உண்மை. வகுப்பு கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் சிரித்தேன். எனக்கும் கல்லூரியில் சீட்டு அப்படித்தான் கிடைத்தது, உனக்குத் தெரியும். அதைக்கூட நான் சொல்லவில்லை.

நாளைக்கு வில்லாபுரம் வாரேன். கதவைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை.

அன்னக்கொடி


தல்லாகுளம்
20.3.1984

ராமக்காளுக்கு,

அன்றைக்கு வந்தேன். நீ உள்ளே இருப்பது தெரிந்தது, வாசலில் உன் செருப்பு கிடந்தது. உன் அம்மா கண்ணில் பச்சைத் துணியோடு கதவருகில் வந்து, "அவ ஒறங்குறா தாயி, அப்புறமா வா" என்றார்கள். அவர்களுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. எனக்காக அவர்களைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

நீ திரும்பிப் போயிருப்பாய் என்று இதை முகாமுக்கே அனுப்புகிறேன். நேற்று கடைசி வகுப்பு. அங்கே நடந்ததை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "நான் ஒரு சைட்லயும் வேலை பார்த்ததில்ல" என்றேன். ஏதோ வேடிக்கை என்று இரண்டு பேர் சிரித்தார்கள். "காதுகுத்து விருந்திலிருந்து கான்டீன் வரைக்கும் நான் சொன்னது அத்தனையும் என் சிநேகிதி எனக்குக் கடிதத்தில் எழுதினது. கையெழுத்துப் போட்ட பொண்ணு அவதான். நான் அங்கே இல்லவே இல்ல, யாரையும் தடுக்கவும் இல்ல" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை, அதற்கு எனக்கு உரிமை இல்லை.

கோட்டா என்று சொன்ன பையன் பெயர் நல்லகாமன். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன். அவனைப் பார்த்து, "அவ இன்ஜினியரிங்ல காலேஜுக்கே ரெண்டாவதா வந்தவ. கோட்டாவுல வந்தவதான். நானும் அப்படி வந்தவதான், நீயும் அப்படி வந்தவன்தான்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அதில் திருப்தி வரவில்லை. சிரித்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியது.

முன் வரிசையில் சோலை என்று ஒரு பெண், ரொம்பப் பேசமாட்டாள். அவள்தான் கேட்டாள்: "அந்தச் சின்னான் இப்ப எப்படி இருக்காரு மேடம்?"

எனக்குத் தெரியவில்லை, ராமு. மூன்று வருஷம் அந்த மனுஷனின் காலை வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். உயிரோடு இருக்கிறாரா, வேலை ஏதாவது கிடைத்ததா என்று உன்னிடம் ஒரு வரி கேட்டதில்லை. பாடத்துக்கு அது தேவைப்படவில்லை. "தெரியாதும்மா" என்றேன். அவள் நோட்டை மூடிவிட்டாள். ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒருத்தரும் வணக்கம் சொல்லவில்லை.

துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வருஷம் அந்தப் பேப்பரை வேறு ஒருவர் எடுக்கிறார். எனக்குப் பழையபடி புள்ளியியல்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் தனியாக ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சின்னான் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்கிறேன்.

அன்னக்கொடி


வில்லாபுரம்
29.5.1984

அன்னக்கொடிக்கு,

உன் கடைசிக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதைக்கூடக் கேட்காமல் மூன்று வருஷம் கதை சொன்னாளே என்று. அவர் எப்படி இருக்கிறார் என்று உனக்கு உறைக்கிற மாதிரி எழுத வேண்டுமென்று பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்தேன். அப்போது அவர் மயக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகு போகவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வருஷா வருஷம் அம்மாவைப் பார்க்க வருகிறேன், மேலூர் இங்கிருந்து ஒரே பஸ். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட ஏறவில்லை.

மேஸ்திரிக்கு எழுதி அவர் ஊர்ப் பெயரைக் கேட்டேன். மறுபடி லீவு போட்டு வந்து, நேற்று போனேன். கண்மாய்க்கரைக்குக் கீழே இரண்டாவது வீடு. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். கட்டை வைத்து நடக்கிறார். முடி முழுக்க நரைத்துவிட்டது. அவர் சம்சாரம் ரெங்கம்மாள் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் யாரென்று சொல்ல ஆரம்பித்தேன். "தெரியுதும்மா" என்றார்.

"அன்னைக்கு முட்டுகளப் பிரிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான். மழையினால இல்ல" என்றேன்.

டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். பிறகு, "அதுவும் தெரியும்மா. கேம்புல எல்லாருக்கும் தெரியும்" என்றார். டியூபை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டே, "நீங்க வருவீகன்னு ரெண்டு வருசம் பாத்தேன். காலைல என்கிட்டப் பேசிட்டுத்தானே வேலையத் தொடங்குவீக. அதுக்கப்புறம் பாக்குறத விட்டுட்டேன்" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சைக்கிள்காரர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வண்டியைக் கவிழ்த்துப் போட்டு வேலையை ஆரம்பித்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். விசாரணையைத் திறக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். வேலை போனாலும் போகும்.

உன்னிடம் கோபம் இல்லை என்று எழுத முடியாது. ஆனால் நேற்றிலிருந்து அதைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. முன்னைப்போல உனக்கு எழுதவும் என்னால் முடியாது. நீயும் எழுதாதே.

அந்தச் சோலை என்கிற பெண்ணின் விலாசம் உன்னிடம் இருக்கும். அவளைப் பார்த்து, சின்னான் உயிரோடு இருக்கிறார் என்று சொல். அவர் சொன்னதையும் சொல். என் பெயரையும் சொல்.

மு. ராமக்காள்